அண்ணைக்குப் போன மரண அறிவித்தல்

நெல்லியடியில் ஒரு சின்ன அச்சகத்தில் தட்டச்சு செய்கிறேன். எங்கள் கணினியில் இருப்பது லினக்ஸ். வாடிக்கையாளர்களுக்காக அரட்டைச் செயலியும் பின்னால் திறந்தே கிடக்கும். அடிக்கும்போது என் கண் தாளில்தான் இருக்கும், திரையைப் பார்க்க மாட்டேன்.

அன்று யாரோ ஒரு அம்மாவின் மரண அறிவித்தல். பெயரை அடித்தேன். "இன்று காலை இறைவனடி சேர்ந்தார்" என்று அடித்து, அடுத்த வரிக்குப் போக என்டரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே அரட்டைப் பெட்டி தானாக முன்னுக்கு வந்து நின்றிருந்தது. லண்டனில் இருக்கும் அண்ணை கேட்டிருந்தார்: "அம்மா எப்பிடி இருக்கிறா?"

அதற்குக் கீழே என் பதில்: "இன்று காலை இறைவனடி சேர்ந்தார்."

எங்கள் அம்மா காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தா. நான் அழிப்பதற்குள் அண்ணை பார்த்துவிட்டார். அவருக்குப் போன் எடுத்தேன், கிடைக்கவில்லை. வீட்டுக்கு எடுத்தேன், அதுவும் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்த பிறகு அம்மாவே பேசினா.

"பிள்ளை, கொண்ணன் லண்டனிலயிருந்து இப்பதான் எடுத்தவன். என்ரை குரலைக் கேட்டதும் ஒரு கதையும் இல்லை, குழறிக் குழறி அழுகிறான். என்னடி நடந்தது?"



அன்றே கணினி அமைப்புகளில் சாளர நடத்தை என்ற பகுதியைத் திறந்து, பின்னால் ஓடும் எந்தச் செயலியும் முன்னுக்கு வந்து விசைப்பலகையைப் பறிக்காதபடி தடுப்பை உயர்த்திவைத்தேன். இப்போது செய்தி வந்தால் கீழ்ப்பட்டையில் மினுங்கும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் என்டரைத் தட்டுமுன் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அண்ணை இப்போது என்னிடம் அம்மாவின் சுகம் கேட்பதில்லை. அம்மாவுக்கே எடுத்துக் கேட்கிறார்.