மேலே ஒன்று, கீழே ஒன்று

காய்கறிக் கடைக்காரருக்குக் கேட்டதை மட்டும் கொடுத்துப் பழக்கமில்லை. தக்காளி வாங்கினால் கூடவே நாலு பச்சைமிளகாய் விழும்.

மகள் பள்ளி விட்டு வந்து கடைக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பாள். இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பழைய அகராதியை எடுப்பார். எழுத்துக்கூட்டித் தேடுவார். அர்த்தத்தைப் படித்த கையோடு, அதற்கு மேலே இருக்கிற சொல்லையும் கீழே இருக்கிற சொல்லையும் படிப்பார்.

"அதை யாருப்பா கேட்டா?"

"கொசுறும்மா. பக்கத்து வீட்டுக்காரங்க. விட்டுட்டா கோவிச்சுக்குவாங்க."

அவள் வேறு ஊரில், தொழிற்சாலையில் பொறியாளர் ஆனாள். அழுத்தம் காட்டும் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. ஒருநாள் அங்கே ஊழியர்களின் குடும்பத்தை அழைத்திருந்தார்கள். மேலாளர் மரியாதைக்கு அப்பாவிடம் கேட்டார்: "பொண்ணு என்ன வேலை பாக்குதுன்னு தெரியுமா ஐயா?"

"தெரியாம என்ன? காலிப்ரேட். மீட்டர் சரியா காட்டுதான்னு பாக்குறது." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அதுக்கு மேல கன்னுக்குட்டி. கீழ, துப்பாக்கிக் குழாயோட அகலம்."

கூடமே சிரித்தது. "கன்னுக்குட்டி பக்கத்துல பாத்து நில்லுங்க, சுட்டுடப் போகுது!" என்றார் ஃபிட்டர். எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். மகளுக்குக் காது மடல் எரிந்தது.

பேருந்தில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "இனிமே கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா. கொசுறெல்லாம் கடையோட இருக்கட்டும். மானம் போகுது."

"சரிம்மா."

சொன்ன சொல் தவறாத மனுஷர். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் ஃபோன் செய்வாள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"கடை?"

"திறந்தாச்சு."

ஒரு நிமிடத்துக்குள் பேச்சு முடிந்துவிடும். அப்பா திருந்திவிட்டார் என்று அவள் நினைத்தாள். இரண்டு வருடம் அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

கடைசி வாரத்திலும் கேட்டாள்: "தூங்கினீங்களா?"

"தூங்கினேம்மா."

பொய்யில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினார். படுத்தால் நெஞ்சை அடைத்தது. காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"வாயுதான்னு சொல்லி என் வாயை அடைச்சிட்டாரு. பொண்ணுகிட்டயாவது சொல்லுங்கன்னேன். 'அவ கேக்கலையே'ன்னாரு." அம்மா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஒரு கருவி தவறாகக் காட்டினால் எதனால் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். இங்கே கருவி தவறாகக் காட்டவில்லை. அவள் திருகி வைத்த அளவைத்தான் காட்டியது.

மருத்துவமனைச் சான்றிதழில் இன்ஃபார்க்‌ஷன் என்று இருந்தது. ரத்தம் போகாமல் இதயத்தசை செத்துப்போவது என்று டாக்டர் விளக்கியிருந்தார். ஆனாலும் அவள் அகராதியை எடுத்தாள். ஓரமெல்லாம் கை ஈரம் பட்டுச் சுருண்டிருந்தது. பழைய சின்னப் புத்தகம். அந்தச் சொல் அதில் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்துக்கு மேலே ஒன்று இருந்தது, கீழே ஒன்று இருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"காலாட்படை," என்று படித்தாள். பிறகு கீழே இருந்ததையும் படித்தாள். "மதிகெட்டு அன்பு வைத்தல்."

"அதை யாருடி கேட்டா?"

"கொசுறும்மா," என்றாள், அகராதியிலிருந்து தலையைத் தூக்காமல்.