நாத்தனார் பார்த்துத் தந்த படகு

நான்காக மடித்துப் பிரித்த ஓர் அலுவலகத் தாள். அது காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன் ஓரத்தில் வைத்த ஒரு தேய்ந்த ரப்பர் செருப்பு. என் நாத்தனாரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணுக்குள் வருவது இதுதான். பெசன்ட் நகருக்கு வடக்கே எங்கள் குப்பத்து மணலில் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தாளுக்காக நான் மூன்று நாள் மதிய இடைவேளையைச் செலவழித்திருந்தேன். விலைக்கு வந்திருந்த மூன்று ஃபைபர் படகுகளின் நீளம், வயது, என்ஜினின் நிலைமை, எத்தனை பேர் போகலாம், எத்தனை ஐஸ் பெட்டி கொள்ளும் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். நான் அக்கா என்று கூப்பிடும் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவர் தாளைப் படிக்கவில்லை. பறக்கப் போகிறதே என்று செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்தார். பிறகு, எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்து என்னிடமே ஒன்று கேட்டார்.

"இதுல பெர்சா ஒண்ணு போட்டுக்கீறியே, அத்த யாரு தள்றது?"

நான் கடல்காரர் வீட்டுப் பெண் இல்லை. அடையாற்றின் கரையோரம் பிறந்தவள். அங்கிருந்த வீடுகளை அரசாங்கம் அகற்றியபோது எங்கள் குடும்பம் ஊருக்கு வெளியே போய்விட்டது. நான் மட்டும் நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் கணினியில் விவரம் ஏற்றும் வேலையைப் பிடித்துக்கொண்டேன். கணவரை விரும்பித்தான் கட்டிக்கொண்டேன். அவருக்கு அப்பா அம்மா இல்லை, வளர்த்தது அக்காதான். அடையாறு கடைத்தெருவில் மீன் விற்று வளர்த்தார். அவருடைய கணவர் விசைப்படகில் நாள்கணக்கில் கடலுக்குப் போய்விடுபவர். தம்பிக்குக் கோவளத்தில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தாராம். அந்தப் பெண்ணுக்கு நான்கு அண்ணன் தம்பிகள். நடுவில் நான் வந்து நின்றேன். அதன் பிறகு அவருக்கு நான் 'ஆத்தோரத்துப் பொண்ணு'. சொல்ல வேண்டியதெல்லாம் தம்பி வழியாகத்தான் வரும். அந்த ஆத்தோரத்துப் பொண்ணுக்கு சங்கரா ஆயத் தெரியுமா கேளு என்று மீனையும் கொடுத்து அனுப்புவார். அடுப்படியில் நிற்கும் என் காதில் விழும்படிதான் சொல்வார்.

கணவர் பதினைந்து வயதிலிருந்து வேறொருவர் படகில் பங்குக்குப் போனவர். அந்தப் படகுக்காரரின் மகன் படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்கு வந்ததும் என் கணவருக்கு இடமில்லாமல் போனது. வார்த்தை தடித்து, குப்பத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் யார் பக்கமும் இல்லை என்றாகிவிட்டது. இனிமேல் யார் படகிலும் ஏற மாட்டேன் என்றார் கணவர். என் சேமிப்பு, என் சங்கிலி, மீனவர் சங்கத்தில் கிடைக்கிற கடன், இவ்வளவுதான் எங்களிடம். அதற்குள் படகு, என்ஜின், வலை மூன்றும் அடங்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பட்டியல். அதில் ஜெயித்தது காசிமேட்டுப் பக்கம் நின்ற முப்பத்திரண்டு அடிப் படகு. நீல நிறம், ஐந்து பேர் போகலாம், தூரமாகப் போய் வஞ்சிரத்துக்கு வலை விடலாம். கணவர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அவரோடு கடலுக்கு வருவதாக இருந்த கூட்டாளிக்கும் அதுதான் வேண்டும். காகிதத்தில் பார்த்தால் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

யார் தள்ளுவது என்று அக்கா கேட்டது எனக்கு முதலில் புரியவே இல்லை. படகு என்றால் தண்ணீரில் போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. படகைத் தினமும் மணலிலிருந்து அலைக்குள் தள்ள வேண்டும், திரும்பி வந்ததும் மேலே ஏற்ற வேண்டும். அந்த நீளத்துக்கு எட்டுப் பேராவது தோள் கொடுத்தால்தான் நகரும். இருபது வருடம் காலையில் கூடையோடு கரையில் நின்று படகுகள் வந்து சேர்வதைப் பார்த்தவர் அக்கா. நடுக்கடலில் உடைந்த படகைவிடக் கரையில் அலை புரட்டிப் போட்டு உடைந்த படகுகளைத்தான் அதிகம் பார்த்திருப்பதாகச் சொன்னார். ஆள் இல்லாமல் பாதி மணலும் பாதித் தண்ணீருமாக நின்றால் எந்தப் படகும் தாங்காது என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். "உம் பக்கத்துல மாமன் மச்சான்னு தோள் குடுக்க யாரு வருவாங்க?" என்றார் அடுத்து.

கோவளத்துப் பெண்ணின் நான்கு சகோதரர்களும் என் முன்னால் வந்து நின்றது போலிருந்தது. செருப்பைத் தள்ளிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் கணவரிடம், நீல நிறப் படகுக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன்.

முன்பணம் கொடுக்கப் போன காலையில் யாரும் கூப்பிடாமலே அக்கா பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றார். கணவர், கூட்டாளி, நான், அவர், நான்கு பேரும் போனோம். படகைச் சுற்றி வந்தார். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார், பின்பக்கம் குனிந்து பார்த்தார். நல்ல படகு என்று அவரே சொன்னார். பிறகு விற்பவரிடம், மூணு அடி தள்ளிக் காட்டச் சொன்னார். விற்பவர், அவருடைய ஆட்கள் இரண்டு பேர், எங்கள் ஆண்கள் இரண்டு பேர், ஐந்து பேரும் தோளை வைத்தார்கள். படகு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. டிராக்டர் மத்தியானம் வரும் என்று விற்பவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்காண்ட டிராக்டர் இல்ல" என்றார் அக்கா. எல்லோர் முன்னாலும் கணவர் அவரை அதட்டினார். வளர்த்தவரை அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா கூடையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

கணவர் என் பக்கம் திரும்பி, உன் பணம், நீ சொல் என்றார். எனக்கு அக்கா மேல் இருந்த கோபம் துளியும் குறையவில்லை. ஆனால் பழைய படகுக்காரரோடு நடந்த சண்டைக்குப் பிறகும் விடிவதற்கு முன் எழுந்து எங்கள் படகுக்குத் தோள் கொடுக்க வருவார்கள் என்று நம்பக்கூடிய ஆட்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற கூட்டாளிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. வேண்டாம், சின்னதாகப் பார்க்கலாம் என்றேன். கணவர் திரும்பும்போது பஸ்ஸில் தனியாக முன்னால் போய் நின்றுகொண்டார். என்னோடு சரியாகப் பேச அவருக்குப் பல நாள் ஆயிற்று.

கடைசியில் அக்கா பார்த்துச் சொன்னதையே வாங்கினோம். பத்தொன்பது அடி, வெயிலில் வெளிறிய மஞ்சள், பின்பக்கம் ஒரு ஒட்டு. இரண்டு பேர் போகலாம், மூன்றாவது ஆள் ஏறினால் மீனுக்கு இடமிருக்காது. குப்பத்தில் அதற்கு 'தம்மாத்தூண்டு' என்று பெயர் வைத்தார்கள். கணவர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். முதல் நாள் கிழக்கு வெளுக்கும்போது தள்ள நின்றது அவரும் கூட்டாளியும் மட்டும்தான். முன்பக்கம் மணலில் குத்திக்கொண்டது. அக்கா கூடையை இறக்கி வைத்தார், புடவையைத் தூக்கிச் செருகினார், வந்து தோளை வைத்தார். பெண்கள் படகைத் தொட்டுத் தள்ளுவது எங்கள் கரையில் வழக்கமில்லை. சுற்றி இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நிக்கிறியே, வா" என்றார்.

அந்த வருடம் முழுக்க நாங்கள் நான்கு பேர்தான் தள்ளினோம். நான் உப்புத் தண்ணீரில் நனைந்து வீட்டுக்கு ஓடி, குளித்து, நந்தனம் பஸ்ஸைப் பிடிப்பேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் மத்தியானம் வரை கையில் கடல் மணக்கும். தள்ளும்போது அக்காவின் தோள் என் தோளோடு உரசும். எப்போது மூச்சைப் பிடிக்க வேண்டும், அலை பின்வாங்கும்போது எப்படிக் காலை ஊன்ற வேண்டும் என்று ஓரிரண்டு வார்த்தையில் சொல்வார். எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது அப்படித்தான். தம்பி வழியாகச் சொல்லி அனுப்புவது எந்த நாளில் நின்றது என்று எனக்கே தெரியாது. மறு வருடம் தள்ள ஆட்கள் வந்தார்கள். இரண்டு பெண்கள் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது என்று அக்கா சொல்வார்.

அந்தப் படகு எங்களுக்குச் சோறு போட்டது. நண்டு, கிழங்கான், காலத்துக்கு இறால். கடனும் அடைந்தது. அதற்கு மேல் அது எதுவும் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாடைக் காலத்தில் பெரிய படகுகள் போகும் நாட்களில் எங்களுடையது மணலிலேயே கிடக்கும். நாங்கள் விட்டுவிட்டு வந்த நீல நிறப் படகை வேறொரு குப்பத்துக்காரர் வாங்கினார். நான்கு வருடத்தில் அவரிடம் இன்னொரு படகும் சேர்ந்தது. கணவர் அதை ஒருநாள் சாப்பிடும்போது அக்காவிடம் சொல்லிக்காட்டினார். "ஆமா" என்றார் அக்கா. வேறு ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். தட்டில் இருந்த முள்ளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

பின்னால் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அறுவை சிகிச்சைக்கு மயிலாப்பூரில் ஒரு கண் மருத்துவமனைக்கு நான்தான் விடுப்புப் போட்டு அழைத்துப் போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். நீண்ட பெஞ்சு, சுவரோரம் வரிசையாகக் கண்ணை மூடிய ஆட்கள். பக்கத்தில் நான்தான் இருக்கிறேனா என்று கையைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நாளாகவே கரையிலிருந்து பார்த்தால் தம்பியின் படகு தெரியவில்லை என்றார். எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கிறதாம். பிறகு, கண்ணைத் திறக்காமலே, நான் கேட்காததற்குப் பதில் சொன்னார்.

"தள்றதுக்கு ஆளு எப்டியாவது புடிச்சிருக்கலாம். அது ஒரு சாக்குதான். பெர்ய படகுன்னா தூரமா பூடும். எங்க ஊட்டு ஆளு விசைப்படகுல பத்து நாளு, பாஞ்சு நாளுன்னு போய்க்கினு கீறாரு. எங்க கீறாரு, இன்னா பண்றாருன்னு தெரியாது. அந்த ஒண்ணே எனக்குப் போதும். இவன் எங்கண்ணுக்குத் தெரியற தூரத்துல இருக்கட்டும்னு நெனச்சேன்." என் கையை விடாமல், "உன்னியும் சேத்து ஏமாத்திட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் சங்கிலி போட்டு வாங்கிய படகு அது. அதன் அளவை ஒருவர் தன் பார்வையின் தூரத்தை வைத்து முடிவு செய்திருக்கிறார். ஆனால் மூடிய கண்ணோரம் வழிந்த மருந்தை என் முந்தானையால் துடைத்துவிட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைச் சொல்லவில்லை. சிகிச்சை நன்றாக முடிந்தது. அக்கா மறுபடியும் கரையில் நின்று பார்த்தார். நான்கு வருடம் பார்த்தார். போன மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

இந்த வருடம் கணவர் மறுபடியும் பெரிய படகுப் பேச்சை எடுத்தார். முப்பது அடி, புதுசு. ஆட்கள் இருக்கிறார்கள், பழைய சண்டைகளை யாரும் இப்போது நினைவில் வைத்திருக்கவில்லை. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். மருத்துவமனை பெஞ்சில் அக்கா சொன்னது தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். வாங்கலாம் என்றேன்.

சென்ற மாதம் அதை முதன்முதலாக இறக்கினார்கள். ஒன்பது பேர் தோள் கொடுத்தார்கள். நானும் கிட்டே போனேன். நீங்க நில்லுங்கக்கா என்று யாரோ ஒருவர் மரியாதையாகச் சொன்னார். அலையைத் தாண்டியதும் என்ஜின் சத்தம் மாறியது. படகு கிழக்கே நேராகப் போனது. பழைய படகு வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டியது, வலையின் மிதவைகளைத் தாண்டியது, கையளவானது, புள்ளியானது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். புள்ளியும் இல்லை. தள்ளியவர்கள் கலைந்து டீக்கடைப் பக்கம் போய்விட்டார்கள். என் கை காய்ந்து சுத்தமாக இருந்தது. நந்தனம் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் அங்கேயே நின்றேன். அதை விட்டேன். அடுத்ததையும் விட்டேன்.