தாத்தாவுக்கு நான் வரவழைத்த காய்ச்சல்

எங்கள் வீட்டு ஆண்களுக்கு மூலம் வருவது வழக்கம் என்றே நினைத்திருந்தேன். தாத்தாவுக்குச் சாகும்வரை இருந்தது, சித்தப்பாவுக்கு முப்பது வயதிலேயே வந்துவிட்டது. மலத்தோடு ரத்தம் போனால் உடம்புச் சூடு என்பார்கள். உடனே காந்தி மார்க்கெட்டிலிருந்து கருணைக்கிழங்கு வரும். புளி விட்டுக் கடைந்த மசியலைக் குடும்பமே ஒரு பிடி பிடிக்கும். நோயாளிக்குத்தான் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும்.

கிழங்குக்குக் கேட்காமல் போகவே, சித்தப்பா ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறித் திருச்சியில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். எனக்குப் பத்து வயது. அத்தைக்குத் திருவானைக்காவலில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பரம்பரை வியாதி என்று காதில் விழுந்தால் தாம்பூலம் மாற்ற மாட்டார்கள் என்று பஸ்ஸிலேயே எனக்குச் சொல்லிவைத்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, இது மூலமில்லை, குடலுக்குள் சதை வளர்ந்திருக்கிறது, எட்டுகிற இடத்தில் இருப்பதை எடுத்துவிடலாம் என்றார். சுருட்டுப் பிடிப்பதை நிறுத்தச் சொன்னார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று விசாரித்தார். இருந்தால் மதராசுக்குப் போய்க் குடல் முழுவதையும் பார்க்க வேண்டுமாம்.

"யாருக்கும் இல்லீங்க."

"உங்க அப்பா எப்படித் தவறினாரு?"

சித்தப்பா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தாத்தாவின் வேட்டிகளை அம்மா தனியாக அலசுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரின் நிறமும் எனக்குத் தெரியும்.

"தாத்தாவுக்கு விஷக்காய்ச்சல் சார்," என்றேன்.

வெளியே வந்ததும், "நீ வக்கீலுக்குப் படிடா," என்று சித்தப்பா கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். தாம் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்திகள் காதில் விழாமல், சமையற்கட்டில் எங்கள் வீட்டார் என் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் வீடு அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு இருந்ததில்லை. சித்தப்பா மதராசுக்குப் போகவேயில்லை. நாற்பதைத் தொடாமலே போய்விட்டார். மதராசுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது தெரியாது. போகாமலிருக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவன் நான்.

கல்யாணம் முடிந்த பின் ஒருமுறை, சதை எடுத்த புண் ஆறிவிட்டதா என்று காட்டப் போனோம். டாக்டர் சித்தப்பாவை அனுப்பிவிட்டு என்னை நிறுத்தினார்.

"பெரியவனானதும் நீயும் வந்து ஒரு தடவை காட்டிக்கணும்ப்பா."

"எனக்கு எதுக்கு சார்? நானா சுருட்டு குடிக்கிறேன்?"

அவர் சிரிக்கவில்லை. என் தலையில் கை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார். நன்றாகப் படிக்கிற பையன் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என நினைத்துக்கொண்டேன்.