லேப்டாப்புக்கு நெற்றி எங்கே இருக்கிறது?

ஆயுத பூஜையன்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில் என் கைக்குத் தப்பியவை இரண்டே இரண்டுதான். ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின். அப்புறம், என் மனைவி மாலதி கையை விட்டு இறக்காத செல்போன்.

ஸ்கூட்டர், மிக்ஸி, மோடம், அரிவாள்மணை, டி.வி. ரிமோட்... எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கடைசியாக வந்தது மகள் நித்யாவின் லேப்டாப்.

அதற்கு மட்டும் கூடுதல் கவனிப்பு. காரணம் இருக்கிறது. நித்யா சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். ஆட்குறைப்பில் வேலை போய், ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறாள். ஆன்லைன் இன்டர்வியூ எத்தனையோ பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் வாய் குழறி, பாதியில் திணறி... அறைக்கதவைத் திறந்து வெளியே வரும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் டி.வி. பக்கம் திரும்பிக்கொள்வேன். அடுத்த இன்டர்வியூ விஜயதசமி காலை பத்து மணிக்கு. நம் ஊர் லீவு நாளெல்லாம் பார்க்காத ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, பெங்களூரு கிளை. விஜயதசமி என்றதுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சரி, லேப்டாப்புக்குப் பொட்டு எங்கே வைப்பது? மூடியின் மேல் வைத்திருக்கலாம். ஆனால் முதுகில் யாராவது பொட்டு வைப்பார்களா? திறந்து நிறுத்தினேன். ஸ்கிரீனுக்கு மேலே, சரியாக நடுவில், குட்டியாக ஒரு வட்டம். கம்பெனிக்காரனே நெற்றியை அடையாளம் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். சந்தனத்தைத் தாராளமாகவே அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தேன்.

சாயங்காலம் நித்யா வந்தாள்.

"அப்பா, லேப்டாப்பை எடுத்துக்கட்டுமா? நாளைக்கு இன்டர்வியூ. ஒரு தடவை செக் பண்ணிக்கிறேன்."

"பூஜையில வச்சதைத் தொடக் கூடாதும்மா. காலையில மறுபூஜை பண்ணிட்டு நானே எடுத்துத் தரேன்."

தந்தேன். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு. என் மறுபூஜை கொஞ்சம் நீளம்.

பத்து மணி. அவள் அறைக்கு வெளியே பேப்பர் படிக்கிற பாவனையில் நான். உள்ளே லேப்டாப்பில் இன்டர்வியூ எடுக்கும் ஒரு அம்மாவின் குரல், இங்கிலீஷில் — கேமரா ஆன் ஆகியிருக்கிறது, ஆனால் மஞ்சளாக ஏதோ மூட்டம்தான் தெரிகிறதே? நித்யா பதறிப்போய் விரலால் துடைத்திருக்கிறாள். காய்ந்த சந்தனத்தோடு குங்குமமும் சேர்ந்துகொண்டது. மஞ்சள் மூட்டம் சிவப்பு மூட்டமாகிவிட்டது.

மாலதி அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள்.

"என்னங்க பண்ணி வச்சீங்க?"

நெற்றி விளக்கத்தைச் சொன்னேன்.

"நல்ல இடமாத்தான் பார்த்திருக்கீங்க!"

உண்மையாகவே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழு மாதமாக நொந்துபோயிருக்கிற பெண்ணுக்கு, பெற்ற அப்பனே இப்படியா செய்வது?

உள்ளே அந்த அம்மா சொன்னார் — பரவாயில்லை, வீடியோவை ஆஃப் பண்ணிடுங்க, பேசினால் போதும்.

நித்யா பேசினாள். திணறவில்லை. குழறவில்லை. முக்கால் மணி நேரம் கடகடவென்று... நடுவில் ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். இது என் பெண்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வெளியே வந்தவளிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன். அவள் கோபப்படவே இல்லை.

"எப்பவும் ஸ்கிரீன் மூலையில என் மூஞ்சி குட்டியாத் தெரியும்ப்பா. பேசுறப்ப அதையேதான் பார்த்துக்கிட்டு இருப்பேன். ஏன் இப்படி முழிக்கிறேன், முடி ஏன் இப்படி நிக்குதுன்னு. இன்னைக்கு அது இல்லை. அவங்க கேட்ட கேள்வி மட்டும்தான் காதுல விழுந்துச்சு."

யோசித்துப் பாருங்கள். வீடியோ காலில் நீங்கள் யாரைப் பார்க்கிறீர்கள்? எதிரில் இருப்பவரையா? சத்தியமாகச் சொல்லுங்கள்... மூலையில் இருக்கும் உங்களையேதானே?

நானும் சோதித்துப் பார்த்தேன். தில்லை நகரில் இருக்கும் என் தம்பியோடு பத்து நிமிடம் வீடியோ காலில் பேசினேன். வைத்த பிறகு, அவன் என்ன கலர் சட்டை போட்டிருந்தான் என்று நினைவில்லை. என் மீசை ஒரு பக்கம் ஏறியிருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது! எதிரே ஆள் இருக்கும்போது கண்ணாடி பார்த்துக்கொண்டே பேசினால் திமிர் என்போம். இதற்கு மட்டும் மீட்டிங் என்று பெயர்.

நேற்று மெயில் வந்தது. நித்யா அடுத்த ரவுண்டுக்குத் தேர்வாகிவிட்டாள். ஆனால் பெங்களூருக்கு நேரில் வர வேண்டுமாம். மெயிலைப் படித்த சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

"நேர்ல போனா வீடியோவை ஆஃப் பண்ண முடியாதேப்பா..."

"நேர்ல போனா உன் மூஞ்சி உனக்குத் தெரியாதும்மா" என்றேன். "அதைப் பார்க்கிற வேலை அவங்களோடது!"