ஒரே ஒரு பிளக் பாயின்ட்

போன சனிக்கிழமை லிவர்மோர் பக்கம் ஒரு ஒயினரிக்குப் போயிருந்தோம். என் கணவரின் ஆபீஸ் சிநேகிதர் ஒருவருக்கு ரிட்டையர்மென்ட் பார்ட்டி. பிளசன்டனில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். காரில் கால் மணி நேரம் போனால் திராட்சைத் தோட்டம்தான். ஆனாலும் ஏதாவது சாக்குச் சொல்லி அந்தப் பக்கம் போகாமலே காலம் தள்ளிவிட்டேன். அன்றைக்குத் தப்பிக்க முடியவில்லை. கேக் வெட்டி முடிந்ததும் அங்கே வேலை பார்க்கும் பெண் எல்லோரையும் பீப்பாய் அறைக்கு அழைத்துப் போய்க் கனமான மரக்கதவைத் திறந்தாள். ஈர மரம், புளிப்பு, அணைத்த தீக்குச்சி, எல்லாம் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள் மகள்.

"உள்ள ஏசி ஜாஸ்தியா இருக்கு. நீங்க போங்க, நான் வெளியில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு பார்க்கிங் லாட்டுக்கு வந்து மூச்சு வாங்கினேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஏசியெல்லாம் ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் இட்லி மாவு பொங்கி வழியும்போதும் கிட்டத்தட்ட அதே புளிப்பு வாசனை வரும். அது என்னை ஒன்றும் செய்யாது. மாவு ஓவனுக்குள் இருக்கிறது, நிலவறையில் இல்லை.

இந்த ஊருக்கு வந்த புதிதில் பிளசன்டனிலேயே ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. ஒயின் தொட்டிகளுக்கும் பீப்பாய்களுக்கும் வெப்பநிலை பார்க்கும் சென்சார் செய்வோம். பிரான்ஸில், பர்கண்டியில் ஒரு குடும்பத் தோட்டம் அதை வாங்க ஆசைப்பட்டது. பொருத்திக் காட்ட ஆள் அனுப்ப வேண்டும். எங்கள் மேனேஜர் யோசித்து யோசித்து வாழ்நாளில் ஒரு சொட்டு ஒயின் தொடாத இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று நான். இன்னொருவன் சாதிக், திருவல்லிக்கேணிக்காரன். தினமும் ஒரே காரில் ஆபீஸுக்குப் போய் வருவோம். அவன் மனைவியும் நானும் ஒன்றாகத்தான் காய்கறி வாங்குவோம். நான் அப்போது நாலு மாசக் கர்ப்பம். அது அவர்கள் வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது, முக்கியமாக மேனேஜருக்கு.

அறுவடை நேரம். ஊரே திராட்சைச் சாற்றில் பிசுபிசுத்துக் கிடந்தது. நான் சைவம். ஹலால் கிடைக்காததால் சாதிக்கும் ஏறக்குறைய சைவம். ரொட்டியும் சீஸுமாக நாலு நாள் ஓட்டினோம். தோட்டத்துக்காரியின் பெயர் ஒடில். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம், ஆங்கிலம் பத்து வார்த்தைதான். ஒவ்வொரு நிலவறையிலும் ஒரு கிளாஸை நீட்டுவாள். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். புரிந்துகொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் புதிதாகப் பிழிந்த சாறுதான்.

ஐந்தாம் நாள் வேலை அவளுடைய மிகப் பழைய நிலவறையில். தரைத்தளத்தில் சாறு புளிக்கிற தொட்டிகள், அதற்குக் கீழே பதினாறு படி இறங்கினால் பீப்பாய்கள். காலையில் ஒடில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு எங்களை இறக்கினாள்.

"கரண்ட் இருக்கறப்ப மெழுகுவத்தி எதுக்காம்?" என்றேன்.

"டூரிஸ்ட்டுக்குக் காட்டிக் காட்டிப் பழகிடுச்சு அந்தம்மாவுக்கு" என்றான் சாதிக். சிரித்தோம்.

சாயங்காலம் கலிபோர்னியாவிலிருந்து மேனேஜர் கூப்பிடுவார். அப்போது எல்லா ரீடிங்கையும் திரையில் காட்டியாக வேண்டும். என் லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. மேலே தொட்டிகள் இருந்த அந்தப் பெரிய கூடம் முழுவதற்கும் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் ஒரு தடித்த கறுப்பு வயர் செருகியிருந்தது. அது படியோரமாகக் கீழே போவதைப் பார்த்தேன். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. பிடுங்கினேன். எங்கிருந்தோ வந்துகொண்டிருந்த இரைச்சல் நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். "ஆறாம் நம்பர் ரீடிங் வரல. கீழ போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சாதிக் இறங்கினான். இரண்டு நிமிஷத்தில் திரையில் ஆறாம் நம்பர் உயிர் பெற்றது.

"வந்துடுச்சுடா, மேல வா!"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு நாலைந்து படி இறங்கினேன். சோடா குடித்தால் மூக்கில் ஏறுமே, அந்த மாதிரி சுரீரென்றது. நெஞ்சு படபடவென்று அடித்தது. கீழே படியில் குப்புறக் கிடந்த அவன் சட்டையின் முதுகு தெரிந்தது. அடுத்த படியில் கால் வைக்கப் போனேன்.

பின்னாலிருந்து யாரோ என் ஜாக்கெட் காலரைப் பிடித்து இழுத்தார்கள். மேலே வந்து விழுந்தேன். ஒடில். நான் திமிறினேன். "அவன் உள்ள இருக்கான், விடு" என்று தமிழிலேயே கத்தினேன். அவள் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"நோ! மை பிரதர். தேர். நோ!"

அவள் அண்ணன், மயங்கிக் கிடந்த ஒரு வேலைக்காரரைத் தூக்க இதே படியில் இறங்கியவன், திரும்பி வரவில்லை என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சாறு புளிக்கும்போது கிளம்புகிற வாயு காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தங்கிவிடும். காலையில் ஒடில் பிடித்த மெழுகுவத்தியும் அதற்குத்தான், அணைந்தால் இறங்கக் கூடாது. அந்த வாயுவை வெளியே இழுக்கத்தான் கீழே ஃபேன். அந்த ஃபேனின் வயர்தான் நான் பிடுங்கியது.

அவள் பார்வை பிளக் பாயின்ட்டுக்குப் போனது. என் சார்ஜரைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கறுப்பு வயரைச் செருகினாள். ரப்பர் தண்ணீர்க் குழாயைத் தன் இடுப்பில் சுற்றிக் கட்டி, மறுமுனையை என் கையிலும் ஓடிவந்த ஒரு வேலையாள் கையிலும் கொடுத்தாள். வாசலுக்குப் போய் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு வந்து இறங்கினாள்.

எத்தனை விநாடி என்று கேட்காதீர்கள். ரப்பர் குழாய் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டே போனது. வயிற்றுக்குள் இருந்தது அன்றைக்குத்தான் முதல்முறையாக அசைந்த மாதிரி இருந்தது. பயத்தில் எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. குழாய் இரண்டு தடவை வெட்டி இழுத்தது. நாங்கள் இழுத்தோம். முதலில் ஒடிலின் தலை தெரிந்தது. அப்புறம் அவள் பிடியில் சாதிக்கின் சட்டைக் காலர். முற்றத்தில் கொண்டுபோய்க் கிடத்தினோம். உதடு நீலம். ஒடில் அவன் வாயில் வாய் வைத்து ஊதினாள். மூன்றாவது தடவையோ நாலாவதோ, இருமினான்.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வந்தன. ஆங்கிலம் தெரிந்த ஓர் அதிகாரி, ஃபேனை நிறுத்தியது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கிடந்த சாதிக் கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "மீ."

ஒடில் என்னைப் பார்த்தாள். அதிகாரி எழுதிக்கொண்டதை அவள் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். "ஏண்டா அப்படிச் சொன்னே?"

"எனக்கு கிரீன் கார்டு வந்தாச்சு. உன் ஹெச்-ஒன் விசா கம்பெனி கையில இருக்கு. இந்த நெலமையில வேலை போச்சுன்னா எங்க போவே? விடு, சும்மா படு" என்றான். படுத்திருந்தது அவன்.

நானும் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்தது. திரும்பி வந்ததும் அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அந்த வருஷம் அவனுக்கு வரவேண்டிய ப்ரமோஷன் எனக்கு வந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன். அவன் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத்தான் அவன் காரில் பக்கத்தில் உட்கார முடியவில்லை. டாக்டர் அப்பாயின்ட்மென்ட், டே கேர் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லித் தனியாகப் போக ஆரம்பித்தேன். இரண்டு வருஷத்தில் அவன் டெக்ஸாஸில் ஆலனுக்குக் குடிபோனான். வீடு மலிவு என்றான்.

பார்ட்டி முடிந்து வந்த அன்று சாயங்காலமே அவனுக்கு போன் பண்ணினேன். "அன்னைக்கு நான்தான்டா வயரைப் புடுங்கினேன்னு இன்னைக்கே மேனேஜருக்கு எழுதப்போறேன்" என்றேன்.

"எந்த மேனேஜருக்கு?" என்று சிரித்தான். நியாயமான கேள்வி. கம்பெனியை யாரோ வாங்கி, அவர்களை வேறு யாரோ வாங்கி, இப்போது அந்தப் பெயரில் எதுவுமே இல்லை. எங்கள் ஆபீஸ் இருந்த இடத்தில் பல் டாக்டர் இருக்கிறார். ஒடிலும் தோட்டத்தை விற்றுவிட்டாளாம். யாரிடம் போய் ஒப்புக்கொள்வது?

"சாரிடா" என்றேன்.

"சரி, சரி. பொண்ணு எந்த காலேஜ்?" என்றான். சொன்னேன். அவன் பையனைப் பற்றிச் சொன்னான். ஆலனில் வெயில் என்றான். இங்கே பரவாயில்லை என்றேன்.

"அப்புறம்? வேற?" என்றான்.

ஒரு காலத்தில் அந்த 'வேற'வுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆபீஸ் வந்துவிடும். இறங்க மனமில்லாமல் காரிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.

"வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.