மழித்த முகத்துக்கு ஒரு சட்டம்

லெவ்ரூன் பிறந்த வீட்டின் மேல்தான் ஷ்ரூஸ்பரிக் கோட்டையின் மண்மேடு எழுந்தது. கடல் கடந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த, பிரெஞ்சு பேசும் நார்மானியர்கள் வீட்டை இடித்தார்கள், ஈடு தரவில்லை. ஆனால் இல்லாத அந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் வரி கேட்க மட்டும் மறக்கவில்லை. அவள் செவர்ன் ஆற்றுத் துறைக்குக் குடிபெயர்ந்து, வாற்கோதுமை பீர் காய்ச்சிப் பிழைத்தாள். தம்பி டன்னிங் அதே கோட்டையின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தான்.

முதல் நாளே நார்மானியர் வழக்கப்படி அவன் மீசையை மழித்து, பிடரி முடியையும் சிரைத்துவிட்டார்கள். குழம்பில் ஆங்கில மயிர் விழக்கூடாதாம்.

"என்னடா இது, உரிச்ச வாத்து மாதிரி வந்து நிக்கிறே?" என்று சிரித்தாள் லெவ்ரூன்.

"உனக்கென்னக்கா, உனக்கு மழிக்க மீசை இல்ல."

அறுவடை முடிந்த வாரத்தில் துறைப் பாதையில் அவன் செத்துக் கிடந்தான். ஒதுங்கி வழிவிடவில்லை என்று, ஃபுல்க் என்ற குதிரைவீரன் ஈட்டிக் கட்டையால் மண்டையில் அடித்தான். மாவு ஆலைக்காரன் எட்வி கண்ணால் பார்த்தான். லெவ்ரூனிடம் மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

மாவட்ட ஆளுநரின் ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். மழித்த முகத்தைப் பார்த்ததும் "இவன் நம்மவன்" என்றார்கள். ஓராண்டாக அவன் கழுவிக் கொடுத்த தட்டில் தின்றவர்கள்தான். எலும்பு பொறுக்குகிறவன் முகத்தை எவன் பார்த்தான்?

புதிய அரசின் நீதி இப்படித்தான் இருந்தது: செத்தவன் நார்மானியன் என்றால் அது கொலை, கொன்றவனைப் பிடித்துத் தராவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தண்டம் கட்டவேண்டும். செத்தவன் ஆங்கிலேயன் என்று உறவினர் சத்தியம் செய்துவிட்டால் தண்டம் இல்லை, அரசனுக்கு அதற்குமேல் அக்கறையும் இல்லை. முன்பெல்லாம் உழவன் உயிருக்கும் ஒரு விலை இருந்தது. கொன்றவன் வீட்டார் செத்தவன் வீட்டாருக்குக் கொடுத்தார்கள். இப்போது ஒரே மண்ணில் இரண்டு வகைப் பிணங்கள்.

ஊர்த்தலைவர் சிவார்ட் அன்றே லெவ்ரூனைத் தேடி வந்தார்.

"நாளைக்கு மன்றத்துல 'அவன் எங்க ஆளு'ன்னு சொல்லிரும்மா. இல்லேன்னா உழவு மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போயிடுவாங்க."

"சொல்லிட்டா? கொன்னவன?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப மாமா? நான் வாயத் தொறந்தா என் தம்பி செத்ததே இல்லன்னு ஆயிடும். தொறக்கலேன்னா உங்க பிள்ளைங்க பட்டினி. நல்லா கட்டியிருக்காங்க முடிச்சை."



மறுநாள் அவள் சத்தியம் செய்தாள். "இவன் என் தம்பி. ஆங்கிலேயன். இவனைக் கொன்னவன் உங்க குதிரைவீரன் ஃபுல்க்." மொழிபெயர்ப்பாளன் ஆளுநரின் அதிகாரியிடம் ஒரே ஒரு சொல் சொன்னான்: ஆங்கிலேயன். அதிகாரி தலையசைத்தார். வழக்கு முடிந்தது.

"மீதியச் சொல்லுப்பா," என்றாள் லெவ்ரூன்.

"கேட்டது அவ்வளவுதான். பொணத்த எடுத்துட்டுப் போ தாயி."

ஊர் பிழைத்தது. ஆளுக்கொரு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்தார்கள். அவள் எதையும் தொடவில்லை.

கோட்டை லாயத்தில் வேலை செய்த, கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த நார்மானியர்கள் அவளிடம்தான் குடிக்க வருவார்கள். அவர்களில் ஒருவனைக் கேட்டாள்: "'கொன்னான்'னு உங்க பேச்சுல எப்படிய்யா சொல்றது?"

"உனக்கெதுக்கு அது?"

"குடிச்சிட்டு நீங்க இங்க உருண்டு பொரள்றீங்க. நாளைக்கு எவனாவது எவனையாவது குத்திப்புட்டா நான் யார்கிட்டப் போய் எப்படிச் சொல்ல?"

அவன் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தான். 'என் தம்பியை' என்பதை இன்னொருவனிடம் கேட்டுக்கொண்டாள். பீரைக் கிண்டும்போதெல்லாம் நாக்கு பழகும்வரை சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த மாத மன்றத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதிகாரியின் எதிரே போய் நின்றாள். அவர் மொழியிலேயே சொன்னாள்: ஃபுல்க் என் தம்பியைக் கொன்றான்.

மொழிபெயர்க்க எதுவுமில்லை. அதிகாரியின் முகம் சிவந்தது. அவர் புரியவில்லை என்று சொல்ல முடியாது. மன்றம் முழுக்க அவர் வாயையே பார்த்தது. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: கேட்காமல் பேசியதற்காக இந்தப் பெண்ணின் பீர் காய்ச்சும் கொப்பரை பறிமுதல். ஃபுல்க் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மன்றத்திலிருந்து திரும்பும் வழியில் எட்வி அவளோடு வந்து சேர்ந்துகொண்டான்.

"அக்கா, பேசாம இருந்திருந்தா கொப்பரையாவது மிஞ்சியிருக்கும்."

"மிஞ்சியிருக்கும். தம்பியக் கொன்னது யாருன்னே தெரியாதுன்னு அந்த அதிகாரியும் சொல்லிக்கிட்டே இருந்திருப்பான்."

எட்வி பாதையின் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"'நான் பாத்தேன்'னு அவங்க பேச்சுல எப்படிக்கா சொல்றது?"