மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு விநாடி

தீயணைப்புப் பயிற்சிக் கூடத்தில் மீட்புப் பாடம் நடத்திய வாத்தியாருக்கு ‘ரெக்கார்டு’ என்று பட்டப்பெயர். எரிகிற வீட்டுக்குள் கடைசியாக எப்போது போனார் என்று அவருக்கே நினைவில்லை. ஆனால் கழுத்தில் எந்நேரமும் ஸ்டாப்வாட்ச் தொங்கும். மேசைமேல் ஒரு வெற்றிக்கோப்பை. தினமும் கைக்குட்டையால் துடைப்பார். வீட்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற மனுஷன் என்று அவர் மனைவியே ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

கோப்பை வந்த கதை கேவலமானது. தூக்கிப் பழக, எழுபது கிலோ மணல் அடைத்த பொம்மை ஒன்று இருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லார் தோளிலும் சவாரி போவதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். கூடங்களுக்கு இடையிலான மீட்புப் போட்டிக்கு முன்னால் ரெக்கார்டு அதன் வயிற்றைப் பிரித்து, மணலைக் கொட்டிவிட்டுப் பஞ்சை அடைத்தார். தேடினால் நேரம் வீணாகும் என்று, புகை நிரப்பிய பயிற்சி அறையான புகையறையில் இடது சுவரோடு பன்னிரண்டு எட்டு போனால் மாப்பிள்ளை கிடப்பான் என்றும் பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். முப்பத்தெட்டு விநாடி. கோப்பை கிடைத்தது, மணல் திரும்பவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களில் தீயணைப்பு வண்டி ஓட்டும் பெண் மட்டும், நிஜ ஆளுக்குள்ளே பஞ்சா சார் இருக்கும் என்று கேட்டாள். மறுநாளே பயிற்சியிலிருந்து எடுத்து அவளை வண்டி கழுவ விட்டார்.

பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்று, மாப்பிள்ளையைக் கிடத்த ரெக்கார்டே புகையறைக்குள் போனார். ஒரு நிமிஷ வேலைக்கு முகமூடி எதற்கு என்பது அவர் எண்ணம். திரும்பும்போது தண்ணீர் ஹோஸ் குழாயில் கால் சிக்கி வலது மூலையில் விழுந்தார். கணுக்கால் முறிந்தது. கத்த வாயைத் திறந்தார். புகைதான் உள்ளே போனது.

விசில் கேட்டது. பயிற்சிக்கு வந்த இருவர் நுழைந்தார்கள். இடது சுவர், பன்னிரண்டு எட்டு, மாப்பிள்ளையை அள்ளிக்கொண்டு பறந்தார்கள். வலது மூலைக்கு ஒருவரும் கை நீட்டவில்லை. நீட்டச் சொல்லித்தந்தால்தானே? வெளியே கைதட்டினார்கள். இங்கேயே செத்துப்போவோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நேரம் சொல்ல ஆளைத் தேடியபோதுதான் வாத்தியாரைக் காணோம் என்று தெரிந்தது. மறுபடி உள்ளே ஓடிவந்த இருவரும் அவரை மாப்பிள்ளையைத் தூக்குவதுபோலவே தூக்கிப் பார்த்தார்கள். தொண்ணூறு கிலோ. மூன்று முறை தூக்கி மூன்று முறையும் கீழே போட்டார்கள். முகமூடியோடு தவழ்ந்து வந்த ஓட்டுநர், அவர் அக்குளுக்கடியில் பட்டையைச் சுற்றினாள்.

“தூக்காதீங்க. குனிஞ்சு இழுங்க.”

மூட்டை மாதிரி இழுபட்டு வாசலுக்கு வந்தார். கரிகரியாகத் துப்பிவிட்டுக் கண்ணைத் திறந்தார். எதிரில் அவள் நின்றாள். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

“மாப்பிள்ளைக்கு எத்தனை செகண்டு?” என்றார்.

கணக்குப்படி எழுபது கிலோவான மாப்பிள்ளையை அவள் ஒரே கையில் தூக்கிக்கொண்டு, பெரிய அதிகாரியின் முன்னாலேயே, அவர் அன்று கொட்டிய மணல்குவியலுக்கு நடந்தாள்.